பெயர் எழுத வேண்டாத தாள்

மனிதவளத் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஊக்கமூட்டும்படி நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். ஊக்கமூட்டுவது எனக்குக் கைவராது. பணியில் இருந்த காலத்தில் அதற்கென்று வெளியூரிலிருந்து ஆள் வருவார். காதோரம் மைக் மாட்டிக்கொண்டு, எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லி, பக்கத்தில் நிற்பவரின் தோளைத் தட்டச் சொல்லிவிட்டு, மாலை விமானத்துக்குப் போய்விடுவார். மறுநாள் காலை தோள் வலிக்கிறது என்று லீவு கேட்டு வருகிறவர்களைச் சமாளிப்பது என் வேலை.

நான் சேர்ந்தபோது நம் துறைக்குப் பணியாளர் பிரிவு என்று பெயர். பிறகு தொழிலுறவு என்றார்கள். பிறகு மனிதவளம். நான் கிளம்பும்போது கதவில் 'மக்களும் பண்பாடும்' என்று புதுப் பலகை மாட்டிக்கொண்டிருந்தார்கள். நாற்காலி மட்டும் பணியாளர் பிரிவுக் காலத்தது. உட்கார்ந்தால் இடது பக்கம் சாயும்.

எங்கள் தொழிற்சாலை கேரளத்தில், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் இருந்தது. ஆஸ்பத்திரிக்காரர்கள் போடும் ரப்பர் கையுறை செய்கிற இடம். பெருங்கடவிளை, அதியன்னூர், காஞ்சிரங்குளம் பக்கத்திலிருந்து பெண்கள் வேலைக்கு வந்தார்கள். பேக்கிங் ஹாலில் அறுபது பேர். பெல்ட்டில் வரும் கையுறைகளைச் சோதித்து, எண்ணி, அட்டைப்பெட்டியில் அடுக்க வேண்டும். கேட்க எளிய வேலை. எட்டு மணி நேரம் செய்துவிட்டு அதே வார்த்தையைச் சொல்லிப் பாருங்கள்.

யூனிட் தலைவராகக் கொச்சியிலிருந்து ரெஜி சார் வந்திருந்த சமயம். நல்ல படிப்பு, நல்ல சட்டை. வந்த முதல் வாரமே 'திறந்த கதவுக் கொள்கை' என்று ஒரு சுற்றறிக்கை விட்டார். தம் அறைக் கதவு எந்நேரமும் திறந்தே இருக்கும், யாரும் எப்போதும் வரலாம் என்று அதில் இருந்தது. கதவு உண்மையிலேயே திறந்திருந்தது. அந்தக் கதவுக்குப் போகும் மாடிப்படியில் ஒரு செக்யூரிட்டி நின்றார்.

அந்த வருஷம் தலைமை அலுவலகம் 'நம்பிக்கை மாதம்' கொண்டாட முடிவு செய்து, பெங்களூரிலிருந்து ஓர் ஆலோசகரை அனுப்பியது. அவர் முதல் காரியமாக அதிகாரிகளை எல்லாம் பூவாறு பக்கத்து ரிசார்ட் ஒன்றுக்குக் கூட்டிப்போனார். கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாக விழ வேண்டும், சக ஊழியர்கள் பிடித்துக்கொள்வார்கள், அதுதான் நம்பிக்கை என்றார். எங்கள் தயாரிப்பு மேலாளர் நல்ல ஆகிருதி. அவர் நம்பி விழுந்தார். பிடிக்க நின்ற நாலு பேரும் ஒரே சமயத்தில் விலகி இடம் கொடுத்தார்கள். அவருடைய ஆறு நாள் லீவைப் பணியிடக் காயத்தில் எழுதுவதா பயிற்சியில் எழுதுவதா என்று நான் தலைமை அலுவலகத்துக்கு மூன்று கடிதம் போட்டேன். பதில் வரவில்லை.

ஆலோசகரின் இரண்டாவது காரியம்தான் நான் சொல்ல வந்தது. தொழிலாளர்களின் மனதை அறிய ஒரு கருத்துக் கேட்பு. ஒரு தாள். மலையாளத்திலும் இங்கிலீஷிலும் கேள்விகள். 'என் மேலதிகாரி என்னை மதிக்கிறார்' என்பதற்கு எதிரே சிரித்த முகம், சும்மா இருக்கும் முகம், அழுத முகம். வேண்டியதில் டிக் போடலாம். கடைசியில், 'வேறு ஏதேனும் சொல்ல விரும்பினால்' என்று நாலு கோடு. பெயர் எழுத வேண்டாம். மடித்துப் பெட்டியில் போட்டால் போதும்.

தமிழிலும் அச்சடிக்கலாமே என்று கேட்டேன். எல்லைப்பக்கம் என்பதால் எங்கள் ஆட்களில் பாதிப்பேருக்கு வீட்டுப் பேச்சு தமிழ்தான். "இது கேரளம் இல்லையா?" என்றார் ஆலோசகர், வரைபடத்தைப் பார்த்துவிட்டு வந்தவர் போல.

ஒவ்வொரு ஷிப்டிலும் பெண்கள் முன்னால் நின்று விளக்கம் சொன்னது நான்தான். முதலில் மலையாளத்தில், பிறகு தமிழில். "யார் எழுதினது என்று யாருக்கும் தெரியாது, எனக்கே தெரியாது, இது என் வாக்கு" என்றேன். இவ்வளவு பெரிய வாக்கைக் கொடுக்கச் சொல்லி யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகக் கொடுத்தேன்.

கூட்டம் கலைந்தபின் சுசீலா என்ற பெண் என் பக்கத்தில் வந்தாள். களியக்காவிளைக்கு அந்தப்புறம் தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்து, பெருங்கடவிளையில் கட்டிக்கொடுக்கப்பட்டவள். அதிகம் பேசமாட்டாள். ஆறு வருஷமாக பேக்கிங்கில் இருந்தாள்.

"மேடம், எனக்கு மலையாளம் பேச வரும், எழுத வராது. தமிழ்ல எழுதினா கொள்ளாமா?"

"எழுது மக்கா. எந்த பாஷையில எழுதினாலும் ஆருக்கும் தெரியாது."

"உள்ளதாட்டா?"

"உள்ளதாக்கும், சத்தியம்."

அவள் தலையாட்டிவிட்டு, பெல்ட்டில் தன் பக்கத்து இருக்கைக்காரியான லதிகாவிடம் பேனா வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

மூன்றாம் நாள் ரெஜி சார் என்னை மேலே கூப்பிட்டார். மேஜைமேல் தாள்கள் கட்டுக்கட்டாக இருந்தன. பெரும்பாலும் சிரித்த முகம். தனியாக எடுத்து வைத்திருந்த ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார்.

"இது தமிழ்தானே? வாசியுங்க."

வாசித்தேன். 'பேக்கிங் ஹாலின் பின்வாசலை ஷிப்டு தொடங்கியதும் வெளியிலிருந்து பூட்டிச் சாவியை சூப்பர்வைசர் எடுத்துக்கொண்டு போகிறார். உள்ளே அறுபது பெண்கள் இருக்கிறோம். சுற்றிலும் அட்டைப்பெட்டி. முன்வாசல் பக்கம் தீப்பிடித்தால் நாங்கள் எந்த வழியாகப் போவது என்று சொல்லித் தரவும்.'

அவ்வளவுதான். புகார் என்றுகூடச் சொல்ல முடியாது. வழி கேட்டிருந்தாள்.

அதை மலையாளத்தில் மாற்றிச் சொன்னேன். பின்வாசலைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மதில் தாண்டி ஒரு டீக்கடை இருக்கிறது, பெண்கள் அந்த வழியாக அடிக்கடி வெளியே போகிறார்கள் என்று பூட்டச் சொன்னதே அவர்தான். அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"ஆரு எழுதினது?"

இந்த இடத்தில் 'தெரியாது சார்' என்று சொல்ல வேண்டும். இரண்டே வார்த்தை. நான் சொன்னது வேறு. ரெஜி சார் கொச்சிக்காரர். எங்கள் எல்லைப்பக்கத்து நடைமுறைகள் அவருக்குப் புரியாது. அதை அவருக்கு விளக்குவதில் எனக்கு எப்போதும் ஒரு கௌரவம். இங்கே இத்தனை விவரம் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று அவர் நினைக்க வேண்டும் எனக்கு.

"பெயர் சொல்ல முடியாது சார்" என்று ஆரம்பித்தேன். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். "இங்க பாதிப்பேர் தமிழ் பேசுவாங்க. ஆனா படிச்சது மலையாளப் பள்ளிக்கூடத்துல. எழுத்து வராது. தமிழ் இவ்வளவு சுத்தமா எழுதணும்னா அந்தப் பக்கம் பள்ளிக்கூடம் போனவங்களா இருக்கணும்" என்று முடித்தேன்.

அவர் சிரித்தார். எனக்கும் பெருமையாக இருந்தது. நான் படியிறங்கி என் நாற்காலிக்கு வருவதற்குள், என் உதவியாளரைக் கூப்பிட்டு, பேக்கிங் பெண்களின் பள்ளிச் சான்றிதழ்களை மேலே கொண்டுவரச் சொல்லிவிட்டார். தமிழ்ச் சான்றிதழ் ஒன்றே ஒன்று இருந்தது.

பார்த்தால் நான் பெயரைச் சொல்லவில்லைதான். இதை நான் பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். நம் துறையில் இப்படி ஒரு வசதி உண்டு. எதையும் நேராகச் செய்திருக்க மாட்டோம்.

மறுநாள் சுசீலாவைக் கூப்பிட்டார்கள். தண்டனை இல்லை, 'ஆற்றுப்படுத்தல்' என்றார் ரெஜி சார். சாட்சிக்கு நான். அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். தலையில் போட்ட வலைத்தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள்.

"நாமெல்லாம் ஒரு குடும்பம்" என்று மலையாளத்தில் தொடங்கினார் ரெஜி சார். "குடும்பத்தில் குறை இருந்தால் வந்து சொல்வோம். யாராவது மொட்டைக் கடிதாசி எழுதுவோமா?"

"பேரு எழுத வேண்டாம்னு நீங்கதான சாரே சொன்னீங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் மேஜையைப் பார்த்தேன். முந்தைய நாள் மாலை அவர் சொல்லி நான் டைப் செய்த காகிதம் மேஜைமேல் இருந்தது. தவறான புரிதலால் அப்படி எழுதிவிட்டதாகவும் வருந்துவதாகவும் அதில் இருந்தது. கீழே கையெழுத்துக்கு இடம்.

சுசீலா அதை வாசித்துக் காட்டச் சொன்னாள். நான் வாசித்தேன்.

"நான் தப்பாப் புரியல்ல, தெற்றிதாரணை ஒண்ணும் இல்ல மேடம்" என்று அவள் என்னிடம் தமிழில் சொன்னாள். "சாவி சூப்பர்வைசர் பிஜு சாருக்க கையில உண்டு. பூட்டு வாசல்ல உண்டு. இப்ப வந்தாலும் பாக்கலாம். பின்ன எப்படி நான் ஒப்பிடியது?"

கையெழுத்துப் போட மறுத்துவிட்டு எழுந்து போனாள். அன்று மாலையே ஆற்றிங்ஙல் கிடங்குக்கு இடமாற்ற உத்தரவு என் மேஜைக்கு வந்துவிட்டது. பெருங்கடவிளையிலிருந்து ஆற்றிங்ஙலுக்கு தினமும் மூன்று பஸ் மாற வேண்டும். இரண்டு சிறு பிள்ளைகள் உள்ளவள். ஒரு வாரத்தில் தானாகவே வேலையை விட்டுவிடுவாள் என்பதுதான் கணக்கு. 'பணியாளரின் திறன் வளர்ச்சியை முன்னிட்டு' என்று உத்தரவில் எழுதியிருந்தது. அந்த வாசகம் நான் வருஷக்கணக்கில் பயன்படுத்தி வந்தது. கீழே என் கையெழுத்து வேண்டும்.

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தேன். அப்போது செக்யூரிட்டிப் பொறுப்பாளர் உள்ளே வந்தார். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பெயரை எழுதவில்லை. இன்னும் அங்கேதான் வேலையில் இருக்கிறார், இருக்கட்டும். என் தொழில் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த சிறந்த பயிற்சி அவர் கொடுத்தது. ஐந்து நிமிஷம் எடுத்தது. திரையில் படம் ஒன்றும் காட்டவில்லை.

கையில் சாவிப் பதிவேடு இருந்தது. எந்தச் சாவியை யார் எத்தனை மணிக்கு வாங்கினார், எத்தனை மணிக்குத் திருப்பிக் கொடுத்தார் என்று எழுதும் நோட்டு. மாதம் முடிந்தால் என் கையெழுத்துக்கு வரும்.

"மாசம் இன்னும் முடியல்லியே" என்றேன்.

"கழிஞ்ச மாசத்துக்க பக்கம் ஒண்ணு பாத்துட்டு ஒப்பிடுங்க மேடம்."

"அது நான் ஒப்பிட்டாச்சு."

"ஒப்பிட்டது எனக்குத் தெரியும் மேடம். பாத்தது இல்லியே. அதாக்கும் சொன்னேன்."

புரட்டினேன். பேக்கிங் பின்வாசல், பிஜு, காலை எட்டேகால், மாலை நாலரை. அடுத்த வரியிலும் அதே. பக்கம் முழுக்க அதே. ஒவ்வொரு மாதத்தின் அடியிலும் 'சரிபார்க்கப்பட்டது' என்று ரப்பர் முத்திரை, அதன்மேல் என் கையெழுத்து. ஏழு மாதம். என் குடும்பத்தில் மூன்று தலைமுறை சர்க்கார் குமஸ்தாக்கள். கையெழுத்து அழகாகப் போட எங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம்.

அந்த ஹாலில் தீப்பிடித்திருந்தால் விசாரணைக்கு வருகிறவர்கள் முதலில் எடுப்பது இந்த நோட்டைத்தான். அதைவிட மோசமாக ஒன்று அப்போது தோன்றியது. சுசீலா எழுதியது எனக்குத் தெரியாத விஷயம் அல்ல. ஏழு மாதமாக மாதாமாதம் எனக்கு எழுத்தில் வந்துகொண்டிருந்தது.

"நான் இப்ப என்ன செய்ய?" என்று கேட்டேன்.

"மேடம்தான சேஃப்டி கமிட்டிக்க செக்ரட்டரி" என்றார் அவர். நோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆமாம், அதுவும் நான்தான். தீ ஒத்திகை நடத்தும் அதிகாரம் செயலாளருக்கு உண்டு, யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அதுவரை வருஷம் இரண்டு தடவை ஆபீஸ்காரர்களை மட்டும் புல்வெளியில் நிறுத்தி, ஒரு போட்டோ எடுத்து, வடையும் டீயும் கொடுத்து ஒத்திகை நடத்திக்கொண்டிருந்தோம். கோப்பில் எங்களைப்போல் பாதுகாப்பான தொழிற்சாலை வேறு இல்லை.

இடமாற்ற உத்தரவை மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். தலைமை அலுவலகத்துக்கு எழுதலாமா என்று யோசித்தேன். கடிதம் ரெஜி சாருக்கே திரும்பி வரும், 'கருத்துக் கூறவும்' என்று மேலே எழுதி. தொழிற்சாலை ஆய்வாளரிடம் போகலாம். அவர் வருவதற்குள் பூட்டு காணாமல் போகும், கூடவே சுசீலாவும். வெள்ளிக்கிழமை நம்பிக்கை மாத நிறைவுக்குக் கொச்சியிலிருந்து இயக்குநர் வருவதாக இருந்தது. அவரையும் ஆலோசகரையும் பேக்கிங் ஹாலுக்குள் கூட்டிப்போய்ப் பெண்களோடு படம் எடுக்கும் நிகழ்ச்சி பதினொரு மணிக்கு. நான் ஒத்திகைக்குக் குறித்த நேரமும் அதுதான்.

சாமர்த்தியம் என்று இதைக் குறித்து வைத்துக்கொள்ளாதீர்கள். பூட்டிய வாசலை நோக்கி அறுபது பேரை ஓடவிடுவது விளையாட்டல்ல. இரண்டு இரவு அது என் தூக்கத்தைக் கெடுத்தது. முன்வாசலின் இரண்டு கதவையும் கொக்கி போட்டுத் திறந்து வைக்கும்படி செக்யூரிட்டிப் பொறுப்பாளரிடம் சொன்னேன். பெல்ட்டை நிறுத்த ஆள் நிறுத்தினேன். எனக்குத் தெரிந்த எல்லாம் செய்தேன். ஆனாலும் யாராவது மிதிபட்டிருந்தால் இன்று உங்களுக்கு நாலு பக்கம் எழுதும் இடத்தில் நான் இருந்திருக்க மாட்டேன்.

வெள்ளிக்கிழமை பதினொன்று ஐந்துக்கு இயக்குநர் ஒரு கையுறையைக் கையில் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் சிவப்புப் பெட்டியின் கண்ணாடியை உடைத்தேன். மணி அடித்தது.

முன்பாதியில் இருந்த பெண்கள் முன்வாசல் வழியாக வெளியே போனார்கள். பின்பாதியில் இருந்தவர்கள் பின்வாசலுக்கு ஓடினார்கள். இயக்குநரும் ஆலோசகரும் ரெஜி சாரும் நின்றது பின்பாதியில். வாசலுக்கு மேலே பச்சைப் பலகையில் ஒரு மனிதன் ஓடுகிற படம். அதன்கீழே இயக்குநர் கதவைத் தள்ளிப் பார்த்தார். பிறகு தோளால் இடித்தார். பிறகு திரும்பி, "சாவி எங்கே?" என்றார்.

சாவி பிஜுவின் சட்டைப்பையில் இருந்தது. பிஜு டீக்கடையில் இருந்தான்.

செக்யூரிட்டிப் பொறுப்பாளர் மதிலருகே போய்க் கூப்பிட்டு, அவன் கிளாஸைக் கீழே வைத்து, ஓடிவந்து பூட்டைத் திறக்க நாலு நிமிஷம் ஆனது. பின்பாதிப் பெண்களில் யாரும் கத்தவில்லை. அவர்களுக்கு அந்தக் கதவைத் தெரியும். கொஞ்சம் தள்ளியதோடு முன்பக்கம் திரும்பி நடந்துவிட்டார்கள். கதவோடு நின்றது மூன்று பெரிய மனிதர்களும்தான். நெரிசலில் ஒரு பெண்ணின் மூக்குக்கண்ணாடி உடைந்தது. வேறு சேதம் இல்லை. அதிர்ஷ்டம்.

வெளியே புல்வெளியில் இயக்குநர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "இதை யார் பூட்டச் சொன்னது?"

ரெஜி சாருடைய திறமையை அன்றுதான் முழுசாகப் பார்த்தேன். ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. "நம் கருத்துக் கேட்பில் ஒரு தொழிலாளி இதைச் சுட்டிக்காட்டியிருந்தார் சார். அதை நேரில் சோதிக்கத்தான் இன்று இந்த ஒத்திகை. இன்றைக்கே பூட்டை எடுக்கிறோம்."

ஆலோசகர் முகம் மலர்ந்தது. "இதுதான் நான் சொன்ன நம்பிக்கை" என்றார். அடுத்த மாதம் கம்பெனியின் செய்தி மலரில், பின்வாசலில் தள்ளினால் திறக்கும்படி புதிதாகப் போட்ட கம்பியைப் பிடித்தபடி ரெஜி சாரின் படம் வந்தது. பாதுகாப்புக்கான கேடயம் ஒன்றும் அவருக்குக் கிடைத்தது. இடமாற்ற உத்தரவைக் கிழித்துவிடும்படி என்னிடம் வாயால் சொன்னார், எழுத்தில் தரவில்லை. நல்லது செய்தவள் என்று யாரும் என்னைச் சொல்லவில்லை. நான் செய்ததற்கு அது நியாயமான கூலிதான் என்பது பிறகு புரிந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் பயிற்சி வகுப்பில் சொல்ல ஏற்ற கதை. ஒரு மாதம் கழித்து என் மேஜைக்கு ஒரு விண்ணப்பம் வந்தது. லதிகா ஷிப்டு மாற்றம் கேட்டிருந்தாள். காரணம், 'சொந்தக் காரணம்'. அவளும் சுசீலாவும் ஆறு வருஷம் ஒரே பெல்ட்டில் பக்கம் பக்கமாக இருந்தவர்கள். கூப்பிட்டுக் கேட்டேன்.

"அவ எனக்க கூட மிண்டியதே இல்ல மேடம், ஒரு பேச்சும் இல்ல" என்றாள் லதிகா. "சோறு தின்னப் போனா எழும்பி வேற இடத்துக்குப் போறா. அவ எழுதும்போ நான் பக்கத்துல இருந்தேன். எனக்க பேனாவாக்கும். அதனால நான்தான் சாருக்கிட்ட காட்டிக் குடுத்தேன்னு நினைக்குறா. ஹால்ல எல்லாருக்கும் அதே நினைப்பு. நான் எத்தர சொல்லியும் ஆரும் கேக்கல்ல."

விண்ணப்பத்தில் ஒரு கையெழுத்துப் போட்டால் பிரச்சினை தீர்ந்தது. இருவரையும் வேறு வேறு ஷிப்டில் போட்டால் சண்டை இல்லை. அதற்கு நம் பாடத்தில் அழகான பெயர்கூட உண்டு. பேனா கையில் இருந்தது. அதை மூடி வைத்தேன்.

லதிகாவை அனுப்பிவிட்டு சுசீலாவைக் கூப்பிட்டேன். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"லதிகா ஒண்ணும் சொல்லல்ல" என்றேன். "நான் சொன்னேன்."

அவள் புரியாமல் பார்த்தாள்.

"பேரு சொல்லல்ல. ஆனா தமிழ்ல எழுதத் தெரிஞ்சவ அந்தப் பக்கம் படிச்சவளா இருக்கணும்னு நானாக்கும் சாருக்கிட்ட சொன்னது. அதை வச்சு சர்ட்டிபிக்கேட்டைப் பாத்துக் கண்டுபிடிச்சாரு."

அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆத்திங்ஙல் போட்டதா ஆபீஸ்ல பேசிக் கேட்டப்போ நான் வீட்டுல போயி கரைஞ்சு அழுதேன் மேடம்" என்றாள். "வேலை போவுமேன்னு இல்ல. லதிகா இப்படிச் செய்தாளேன்னு. அன்னைக்கு உங்களைப் பத்தி எனக்கு ஒரு நினைப்பும் வரல்ல. நீங்க வாக்கு தந்த ஆளுல்லா."

"தப்பாப் போச்சு. என்னை மன்னிச்சுக்க."

"என்கிட்ட சொல்லி என்ன காரியம்? நான் அவளைப் பத்தி அறுபது பேருக்கிட்ட சொல்லியாச்சு."

"நான் என்ன செய்யணும்னு சொல்லு மக்கா."

"வாங்க மேடம். ஹால்ல வந்து சொல்லுங்க. எல்லாரும் இருக்கும்போ."

ரெஜி சார் மேலே இருந்தார். நடந்தது அவர் காதுக்கு அரை மணி நேரத்தில் போகும். கம்பெனி ரகசியத்தைத் தொழிலாளர் முன் வெளியிட்டதாக எனக்கே ஒரு விளக்கக் கடிதம் வரலாம். அதன் வாசகம் எப்படி இருக்கும் என்று எனக்கு மனப்பாடம். இவ்வளவையும் நினைத்துக்கொண்டேதான் அவள் பின்னால் நடந்தேன். துணிச்சல் எல்லாம் இல்லை. அவள் முன்னால் போய்க்கொண்டிருந்தாள், நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது.

ஹாலில் பெல்ட்டை நிறுத்தச் சொல்லவில்லை. பெல்ட் ஓடிக்கொண்டே இருந்தது. சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தித் தமிழில் சொன்னேன். தாளில் பெயர் எழுத வேண்டாம், யாருக்கும் தெரியாது என்று வாக்குக் கொடுத்தது நான். அந்த வாக்கை உடைத்ததும் நான். லதிகா யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அதையே மலையாளத்திலும் சொன்னேன். இரண்டாவது தடவை சொல்வது முதல் தடவையைவிடக் கஷ்டமாக இருந்தது.

சிலர் என்னைப் பார்த்தார்கள், சிலர் கையுறையைப் பார்த்தார்கள். கைதட்டல் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, ஆனால் யாராவது திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அதுகூட இல்லை. முன்வரிசையில் ஒரு பெண் மட்டும், "கழிஞ்சுதா மேடம்? பெட்டி அடைஞ்சு கிடக்கு" என்றாள்.

லதிகா என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. தன் பக்கத்து ஸ்டூலில் ஒரு மாதமாக அடுக்கி வைத்திருந்த காலி அட்டைகளைக் கீழே இறக்கி வைத்தாள். சுசீலா போய் அங்கே உட்கார்ந்தாள். சுசீலா வேலைக்குக் கை நீட்ட, லதிகா அவளுடைய வலைத்தொப்பிக்கு வெளியே கிடந்த முடியை உள்ளே ஒதுக்கிவிட்டு, ஒரு கை நிறையக் கையுறைகளை அவள் பக்கம் தள்ளினாள்.